எழுபது, துணை தேவை

கடிதம் வந்த நாளிலிருந்து அவள் தெருவை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினாள்.

அதுவரை அது வெறும் தெரு. ஒரு பக்கம் அவர்களுடைய சீட் கவர் கடை, கடைக்குப் பின்னால் வீடு. எதிரே ஹார்டுவேர் கடை. பக்கத்தில் சலூன். முனையில் டீக்கடை. யாரும் யாரையும் கவனிப்பதில்லை, கவனிக்க யாருக்கும் நேரமில்லை என்றுதான் நினைத்திருந்தாள். இப்போது டீக்கடை பெஞ்சில் புதிதாக ஒருவன் உட்கார்ந்தால், அவன் டீயைக் குடிக்கிறானா அல்லது டம்ளரை வைத்துக்கொண்டு கடையைப் பார்க்கிறானா என்று பார்த்தாள்.

ராணுவ ஓய்வூதிய அலுவலகத்துக் கடிதம். நாலைந்து வரிதான். பணியின்போது ஏற்பட்ட மனநலப் பாதிப்பு, எழுபது சதவீதம், துணை தேவை. மேற்படி மதிப்பீடு மறுபரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. வீட்டு விசாரணைக்குப் பிறகு மருத்துவக் குழுவின் முன் மனைவியுடன் ஆஜராக வேண்டும்.

பஸ் கண்டக்டரான அவளுடைய அண்ணன் ஓய்வு நாளில் வந்து அதைப் படித்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் படித்தான்.

"இது சும்மா வராதும்மா. யாரோ போட்டுக் குடுத்திருக்காங்க."

"யாரு போடுவா? நம்மகிட்ட என்ன இருக்கு?"

"இருக்கிறது அவங்களுக்குத் தெரியும். மிலிட்டரி நல்லாத்தான் இருக்கான், நாள் பூரா தைக்கிறான், சாப்பிடுறான், தூங்குறான், இவனுக்கு எதுக்கு எழுபதுன்னு எவனாவது எழுதிப் போட்டிருப்பான். இதுக்குன்னே ஆள் அனுப்பிப் பாப்பாங்களாம். எங்க டிப்போவில ஒருத்தன் முதுகு வலின்னு லீவு போட்டான். வீட்டுல தண்ணிக் குடம் தூக்கினதைப் போட்டோ எடுத்துட்டாங்க."

"எழுபதைக் குறைச்சா?"

"குறைச்சா பென்ஷன் பாதியாகும். பாதியானாக்கூடச் சமாளிக்கலாம். ஐம்பதுக்குக் கீழே போனா ஆஸ்பத்திரி கார்டு போயிடும். மாத்திரையை வெளியில வாங்கணும். வாங்க முடியுமா?"

முடியாது என்பது இருவருக்கும் தெரியும். கடை வருமானம் வாடகைக்கும் நூலுக்கும் ரெக்சினுக்கும் சரியாக இருந்தது. அந்த மாத்திரை இல்லாமல் அவர் எப்படி இருப்பார் என்பதை அவள் முன்பு பார்த்திருக்கிறாள். அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசுவதில்லை.

உள்ளே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் குரலைத் தாழ்த்தினான்.

"மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

"படிச்சாரு. சரின்னாரு."

"சரின்னா?"

"சரின்னா சரிதான். அவர் என்னிக்கு ரெண்டாவது வார்த்தை பேசியிருக்காரு."

அண்ணன் திரைச்சீலையைப் பார்த்தான். பிறகு தெருவைப் பார்த்தான். எதிர்க்கடைக்காரர் கல்லாவில் உட்கார்ந்து காது குடைந்துகொண்டிருந்தார்.

"அந்த ஆளு எப்பவும் இங்கேயேதான் பாப்பானா?"

*

கணவனைத் தெருவில் எல்லோரும் மிலிட்டரி என்றே கூப்பிட்டார்கள். பாலத்தில் அவர் ஓட்டிப்போன லாரிக்கு முன்னால் போன லாரி வெடித்தது. இவர் கீறல்கூட இல்லாமல் இறங்கினார். மூன்று மாதம் கழித்துத்தான் கீறல் எங்கே என்று தெரிந்தது. ஊருக்கு வந்து கையில் கிடைத்த வேலையாகத் தையலைப் பிடித்துக்கொண்டார். ராணுவத்தில் கூடாரத் துணி தைத்துப் பழகிய கை.

கடையின் பின்அறையில் மெஷின். முதுகுக்குப் பின்னால் சுவர், முகத்துக்கு நேரே வாசல். அவள் முன்பக்கம் இருப்பாள். ஆர்டர் வாங்குவது அவள், பழைய கவரைக் குறடு வைத்துப் பிய்ப்பது அவள், ஸ்பாஞ்ச் வெட்டுவது, சாக்பீஸால் கோடு போடுவது எல்லாம் அவள். தைப்பது மட்டும் அவர். அவர் போடுகிற இரட்டைத் தையலில் நூல் எங்கே முடிந்தது, எங்கே தொடங்கியது என்று கண்டுபிடிக்க முடியாது. அதற்காகவே அடுத்த ஊரிலிருந்தும் பஸ் சீட்டுகள் வந்தன.

தைத்த கவரை சீட்டில் இழுத்துப் பொருத்தி அடியில் பின் அடிக்க வேண்டும். மற்ற கடைகளில் காற்று ஸ்டேப்ளர் வைத்திருப்பார்கள். அமுக்கினால் டப்பென்று ஒரு சத்தம். டப், டப், டப். அவர்கள் கடையிலும் ஒன்று இருந்தது. பெட்டிக்குள்ளேயே இருந்தது. ரிப்பேர் என்று அவள் அவரிடம் சொல்லியிருந்தாள். அடுத்த தெருக் கடைக்குச் சீட்டைத் தூக்கிக்கொண்டு போய் அடித்து வாங்கி வருவாள். அந்தப் பாரத்தைத் தூக்கித் தூக்கியே அவளுடைய வலது தோள் ஒரு பக்கம் இறங்கிவிட்டது.

சோற்றுக்குக் குக்கர் வைப்பதில்லை. திறந்த பானைதான். பின்அறைக்குள் போகுமுன் திரைக்கு வெளியிலேயே நின்று, "நான்தான்" என்பாள். பாத்திரத்தை இறக்கினால், இறக்குவதற்கு முன்னால் "பாத்திரம்" என்பாள். எதிர்க்கடை ஷட்டருக்கு அவளே எண்ணெய் வாங்கிக் கொடுத்திருந்தாள். தகரம் வந்து இறங்கும் நாளை ஹார்டுவேர்க்காரர் முதல் நாளே காதில் போட்டுவிடுவார். அன்றைக்கு அவளுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் ஏதாவது வேலை வந்துவிடும், கணவனையும் கூட்டிக்கொண்டு போய்விடுவாள்.

இது எதுவும் மிலிட்டரிக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது, தெரு அமைதியான தெரு, மனைவி எதையும் சொல்லிவிட்டுச் செய்கிற பழக்கக்காரி, அவ்வளவுதான்.

*

முதல் சந்தேகம் ஹெல்மெட்காரன் மேல் விழுந்தது.

ஸ்கூட்டர் சீட்டுக்குக் கவர் போட வந்தவன். வெயில் தலையைப் பிளந்தது, அவன் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கடை வாசலில் நின்று உள்ளே எட்டி எட்டிப் பார்த்தான்.

"உள்ள தைக்கிறது யாருக்கா?"

"எங்க வீட்டுக்காரர்."

"மிலிட்டரின்னு சொன்னாங்களே."

"யாரு சொன்னா?"

"சும்மா சொன்னாங்க. நாள் பூரா தைப்பாரா?"

"ஏன் கேக்குறீங்க?"

"என் சீட்டு எப்பக் கிடைக்கும்னு கேக்குறேன்க்கா."

"நாளான்னிக்கு வாங்க."

"தைச்சதும் இங்கேயே பின் அடிச்சுடுவீங்கல்ல?"

"வெளியில குடுத்து அடிப்போம்."

"ஏன், உங்ககிட்ட மெஷின் இல்லையா? சீட் கவர் கடையில ஸ்டேப்ளர் இல்லாம எப்படி?"

அவள் சீட்டை வாங்கி ஓரமாக வைத்தாள். அவன் போகிற வரைக்கும் வண்டி நம்பரைப் பார்த்து மனதில் எழுதிக்கொண்டாள். நம்பரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனாலும் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

சொன்ன நாளில் வந்து, அதே ஹெல்மெட்டோடு சீட்டை வாங்கிக்கொண்டான். அவள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

"தம்பி, அதைக் கழற்றவே மாட்டீங்களா?"

அவன் சலூன் பக்கம் கண்ணைக் காட்டிக் கிசுகிசுத்தான்.

"பத்து வருஷமா அவர்கிட்டதான் முடி வெட்டினேன். இப்ப வேற இடத்துல வெட்டுறேன். தலையைப் பாத்தார்னா யாரு வெட்டினதுன்னு கேப்பார்க்கா. மானம் போயிடும்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நல்ல கதையாகத்தான் இருக்கிறது, முன்கூட்டியே யோசித்து வைத்திருப்பானோ என்று தோன்றியது.

ஹார்டுவேர்க்காரரிடம் போய் ஆணி வாங்குகிற சாக்கில் பேச்சுக் கொடுத்தாள்.

"அண்ணே, எங்களைப் பத்தி யாராவது விசாரிச்சாங்களா?"

"விசாரிச்சாங்களே."

"யாரு?"

"போன மாசம் ஒரு லாரிக்காரன். சீட் கவர் நல்லாப் போடுவாங்களான்னான். போடுவாங்கன்னேன்."

"அதில்ல. இவர் எப்படி இருக்காரு, என்ன செய்றாருன்னு."

அவர் ஆணியை நிறுப்பதை நிறுத்தினார். அவளைப் பார்த்தார்.

"என்னை நினைச்சுத்தான் கேக்குறியா?"

"இல்லண்ணே."

"இல்லன்னு வாய் சொல்லுது. மூஞ்சி வேற சொல்லுது. அஞ்சு வருஷமா ஷட்டரைக் குழந்தையைத் தூக்குற மாதிரித் தூக்கிட்டிருக்கேன். என் பொண்டாட்டி கேக்குறா, உங்க கடையில நீங்களே திருடப் போறீங்களான்னு. அதுக்கு நீ குடுக்கிற கூலியா இது?"

அவள் ஆணியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். மனம் ஆறவில்லை. அவ்வளவு தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்பது மட்டும் இன்னும் உறுத்திற்று. மறுநாள் காலை எதிர்க்கடை ஷட்டர் எப்போதும்போல மெதுவாகத்தான் ஏறியது. அதையும் நம்பலாமா என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

*

அண்ணன் மறுபடி வந்தபோது யோசனையோடு வந்தான். அவள் ஸ்பாஞ்ச் வெட்டிக்கொண்டிருந்தாள். மிலிட்டரி முனைக்கடைக்கு டீ குடிக்கப் போயிருந்தார்.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. இப்ப வீட்டுக்கு விசாரணைக்கு வருவாங்க. வந்து பாத்தா என்ன தெரியும்? மனுஷன் சட்டையை இன் பண்ணிட்டு, தலை சீவி, வணக்கம் மேடம்னு நிப்பாரு. எழுதிட்டுப் போயிடுவாங்க, குணமாயிட்டார்னு."

"அதுக்கு?"

"நீ செய்றதை எல்லாம் நிறுத்து. ஒரு வாரம். குக்கர் வை. சொல்லாமப் போ, வா. அந்த ஸ்டேப்ளரை எடு. தானா எல்லாம் வெளியே வந்துடும்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அவரை உடைச்சுக் காட்டச் சொல்றியா?"

"உடைக்கச் சொல்லலம்மா. ஒட்ட வச்சுட்டே இருக்கியே, அதைக் கொஞ்ச நாள் நிறுத்தச் சொல்றேன். உன் வேலைதான் அவருக்கு வினையா நிக்குது. நல்லாப் பாத்துக்கிட்டதுக்கு மார்க் குறைப்பாங்க, தெரிஞ்சுக்க."

"என்னால ஆகாது."

"அப்போ மாத்திரையை எங்க வாங்குவ?"

அவள் மறுபடியும் வெட்டத் தொடங்கினாள். ஸ்பாஞ்ச் கோணலாகப் போயிற்று. அண்ணன் கோணலைப் பார்த்தான். எழுந்து, வெட்டி விழுந்த துண்டுகளைப் பொறுக்கிச் சாக்கில் போட்டுவிட்டுப் போனான்.

*

விசாரணைக்கு வந்தவள் சின்ன வயதுப் பெண். தோளில் பை, காலில் புழுதி. முன்னறிவிப்பு இல்லாமல், மழை தூறத் தொடங்கிய நேரத்தில் வந்தாள். இவள் அந்தப் பெண்ணை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, டீ போடுகிற சாக்கில் அடுப்படியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டாள்.

மிலிட்டரி வந்து எதிரில் உட்கார்ந்தார். அண்ணன் சொன்னபடியேதான் இருந்தார். சட்டை உள்ளே, தலை சீவி.

"தூக்கம் எப்படி சார்?"

"நல்லாத் தூங்குறேன் மேடம்."

"கெட்ட கனவு?"

"வந்து ஒரு வருஷம் இருக்கும்."

"கோபம், பதட்டம்?"

"யாருகிட்டப் போய்க் கோபப்பட? தெருவே கோயில் மாதிரி அமைதியா இருக்கு."

அந்தப் பெண் எழுதினாள். அவர் சிரித்தார்.

"எழுபது போட்டாங்க மேடம். பள்ளிக்கூடத்துலகூட எனக்கு யாரும் எழுபது போட்டதில்ல. இதுல போய் வாங்கிட்டேன்."

பெண்ணும் சிரித்துவிட்டாள். அடுப்படியில் அவள் டீயை ஆற்றுவதை நிறுத்தினாள். அவர் விருந்தாளியிடம் சிரித்துப் பேசி எத்தனை காலமாயிற்று. நல்ல நாள் பார்த்துத்தான் பேசுகிறாரே என்று பல்லைக் கடித்தாள். டீயை எடுத்துக்கொண்டு வந்து நடுவில் நீட்டினாள்.

"மேடம், எங்களைப் பத்தி யாரோ எழுதிப் போட்டிருக்காங்க. யாருன்னு சொல்ல முடியுமா?"

பெண் டீயை வாங்கிக்கொண்டு புருவத்தைத் தூக்கினாள். அவளைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"வேற யாரும் எழுதலையே. சார்தானே மனுக் குடுத்தார்? குணமாயிட்டேன், மதிப்பீட்டை மாத்துங்கன்னு."

மழை தகரக் கூரையில் சற்று பலமாக விழுந்தது. "மழை," என்றாள் அவள், பழக்கத்தில். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

*

மறுநாள் காலை அவர் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டாள்.

"தபாலாபீசுக்கு எப்பப் போனீங்க?"

"நீ பின் அடிக்கப் போயிருந்தப்ப."

"தனியாவா?"

"பாத்தியா. அதான். தனியாவான்னு கேக்குற பாரு."

துணியில் விரலைத் துடைத்தார். அவர் இவ்வளவு பேசுவது அபூர்வம்.

"டிப்போ ஃபோர்மேன் வந்தாருல்ல, அந்தப் பஸ் சீட்டுக்கு. வேலை சுத்தமா இருக்கு, டிப்போவுக்கே வந்துடு மிலிட்டரி, சீட் செக்‌ஷன் உன்கிட்ட விட்டுடுறேன்னாரு. பென்ஷன் பேப்பரைக் காட்டினேன். படிச்சுட்டு, துணை தேவைன்னு போட்டிருக்கே, அப்ப உனக்கு ஒரு நாற்காலி, உன் வீட்டம்மாவுக்கு ஒரு நாற்காலி போடணுமான்னாரு. கூட வந்தவங்க எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

"அதுக்காகவா?"

"எழுபதை வச்சுக்கட்டும், ஐம்பதாக்கட்டும். எனக்கு அந்த ரெண்டு வார்த்தை போகணும். துணை தேவை. சின்னப் புள்ளைக்குப் போடுற மாதிரி. எனக்கு ஒரு வருஷமா ஒண்ணும் வரல. வந்துச்சா? சொல்லு."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பொய் இல்லாத முகம்.

"மாத்திரை?"

"மாத்திரை வேண்டியிருக்காது."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டா நீ வேண்டாம்பே. நீ எல்லாத்துக்கும் பயப்படுவ. ஒரு ஆணி விழுந்தாக்கூட ஓடி வர்ற. நான் ஒண்ணும் சொல்றதில்ல, பாத்துட்டுதான் இருக்கேன். டாக்டர் பாக்கணும்னா உன்னைத்தான் பாக்கணும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். மெஷினை ஓட்டிப் பார்த்தார். அது எண்ணெய் குடித்துச் சத்தமில்லாமல் ஓடியது.

அவள் முன்அறைக்கு வந்து உட்கார்ந்தாள். தெருவில் யாரையும் சந்தேகப்பட இனி வேலை இல்லை. எல்லாச் சந்தேகமும் வீடு திரும்பிவிட்டது. அவர் சொல்வது நிஜமாக இருந்தால்? எப்போதோ குணமாகிவிட்டவரைச் சுற்றித் தான்தான் பானையும் பேச்சும் எண்ணெயுமாக வேலி கட்டிக்கொண்டிருக்கிறாளா? அவர் சரியாகிவிட்டால் தனக்கு வேலை இல்லை என்பதால் விடாமல் கட்டுகிறாளா? ஒரு வருஷம் ஒன்றும் வரவில்லைதான். அவள் வரவிடவில்லை. விட்டிருந்தால் வந்திருக்குமா? அவளால் சொல்ல முடியவில்லை. சொல்ல ஒரே வழிதான் இருந்தது. அது அண்ணன் சொன்ன வழி.

சில நாள் தள்ளிப் போட்டாள். பிறகு ஒரு பிற்பகல், மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தபோது, அவர் நீளமான பஸ் சீட் கவர் ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தபோது, அலமாரி மேலிருந்து ஆணி டப்பாவை எடுத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. திரைக்கு இந்தப் பக்கம் சிமென்ட் தரையில் கையிலிருந்து விட்டாள்.

ஆணிகள் தெறித்து அறை முழுக்கச் சிதறின. சத்தம் அவளுக்கே காதை அடைத்தது.

மெஷின் நிற்கவில்லை.

ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு தடங்கல் இல்லை. அவளுக்கு அப்பாடா என்று இருந்தது. உடனே அழுகை வந்தது. மனுஷன் சொன்னது சரி, நான்தான் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டு ஆணி பொறுக்கக் குனிந்தாள்.

குனிந்தபடியே காது கொடுத்தாள். ரெக்சினில் ஊசி இறங்கும்போது ஒரு சத்தம், கனமாக இருக்கும். துணி இல்லாமல் ஓடும்போது வேறு சத்தம். இது அந்தச் சத்தம்.

திரையை விலக்கினாள். கவர் மெஷினிலிருந்து நழுவிக் கீழே குவியலாகக் கிடந்தது. ஊசி வெறும் தகட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு கையும் மெஷின் பலகைமேல் தட்டையாக விரிந்திருந்தன. கால் மிதித்துக்கொண்டே இருந்தது. கண் வாசலில் இருந்தது. வாசலில் அவள் நின்றாள். அந்தக் கண்ணில் அவள் இல்லை.

கிட்டே போகவில்லை. போகக் கூடாது. "நான்தான்," என்றாள். "நான்தான். வீட்டுல இருக்கோம். நான்தான்." அவள் குரல் வற்றுகிற வரைக்கும் சொன்னாள். வெயில் வாசல்படியிலிருந்து தள்ளிப் போயிற்று. வேகம் குறைந்து குறைந்து கால் நின்றது.

அவர் கீழே பார்த்தார். கவரை எடுத்தார்.

"வழுக்கிடுச்சு போல," என்றார். "புது ரெக்சின். எண்ணெய்ப் பசை." நூலைக் கோத்தார். அவளைப் பார்த்தார். "என்ன, அங்கேயே நிக்குற?"

"ஒண்ணுமில்ல."

"பாத்தியா, இன்னிக்கு எவ்வளவு முடிச்சிருக்கேன்."

அவள் முன்அறைக்குப் போய் ஆணிகளைப் பொறுக்கினாள். மூலைக்கு மூலை போயிருந்தன. அண்ணனிடமும் அதைச் சொல்லவில்லை.

*

மருத்துவக் குழு கூடிய கட்டடத்தில் காத்திருக்கும் அறை நீளமானது. சுவரை ஒட்டி மூன்று பக்கமும் பெஞ்ச். நடுவில் நாற்காலி வரிசைகள். அவர்கள் போனபோது அறை பாதி நிறைந்திருந்தது. இருவரும் சுவர்ப் பெஞ்ச் பக்கம் நடந்தார்கள். ஒரே ஒரு இடம் இருந்தது. அவர் உட்கார்ந்தார். அவள் அவருக்கு எதிரே நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அவரைப் பார்த்து உட்கார்ந்தாள். அப்புறம்தான் கவனித்தாள், அங்கே நிறைய நாற்காலிகள் ஏற்கெனவே திருப்பிப் போடப்பட்டிருந்தன.

சுவரோரம் முழுக்க ஆண்கள். நடுவில் முழுக்கப் பெண்கள். சுவரில் ஒரு பெண்கூட இல்லை. நடுவில் ஒரு ஆண்கூட இல்லை. யாரும் அப்படி உட்காரச் சொல்லியிருக்கவில்லை.

பக்கத்து நாற்காலிக்காரி பையிலிருந்து ரொட்டிப் பொட்டலத்தை எடுத்தாள். பிரிப்பதற்கு முன் தன் கணவனைப் பார்த்து, "பொட்டலம்," என்றாள். பிறகு பிரித்தாள். காகிதம் சரசரத்தது.

மிலிட்டரி அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

"முதல் தடவையா?" என்று ரொட்டிக்காரி இவளைக் கேட்டாள்.

"ஆமா."

"எங்களுக்கு இது மூணாவது. ஒவ்வொரு தடவையும் பத்துப் பத்தா குறைக்கிறாங்க. நல்லாப் பாத்துக்குறீங்கம்மான்னு என்னைப் பாராட்டிட்டுக் குறைக்கிறாங்க. உங்க வீட்டுக்காரர் தெளிவா இருக்காரே."

அதில் குத்தல் இருந்ததா என்று இவளுக்குத் தெரியவில்லை. "இருக்காரு," என்று மட்டும் சொன்னாள்.

யாரோ ஜன்னலைத் திறந்தார்கள். காற்று குபுக்கென்று உள்ளே வந்தது. தாழ்வாரக் கதவு மடாரென்று அறைந்து சாத்திக்கொண்டது.

சத்தம் அடங்குவதற்குள் நடு வரிசை முழுதும் வாய் திறந்தது. "கதவு. கதவுதான். காத்துல கதவு." கத்தவில்லை, எல்லாம் தாழ்ந்த குரல். ஒருத்திகூடக் கதவைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் எதிரில் இருப்பவரையே பார்த்துச் சொன்னார்கள். தானும் சொல்லிக்கொண்டிருப்பது அவளுக்குக் கடைசியில்தான் தெரிந்தது.

அவர் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு நடு வரிசையை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை பார்த்தார். ஒவ்வொருத்தியாக. பிறகு தன் இரு பக்கமும் சுவரில் சாய்ந்திருந்த ஆண்களைப் பார்த்தார். ஒருவர் பெஞ்சின் விளிம்பைப் பிடித்திருந்தார். ஒருவருக்குக் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. மிலிட்டரி தன் கையைக் குனிந்து பார்த்தார். முழங்கால்மேல் இரண்டு கையும் தட்டையாக விரிந்திருந்தன. மெதுவாக மடக்கினார்.



"உனக்குத் தெரியுமா?" என்றார்.

"எது?"

"நான் சரியாகலன்னு."

அவள் முந்தானையைச் சரிசெய்தாள். "வீட்டுல போய்ப் பேசலாம்."

"அப்ப தெரியும்."

கூப்பிட்டார்கள்.

உள்ளே மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்த டாக்டர் வயதானவர், களைத்திருந்தார். மிலிட்டரி நிமிர்ந்து உட்கார்ந்தார். எந்த அதிகாரியின் முன்னாலும் அவர் அப்படித்தான் உட்காருவார். அவள் அவர் முகத்தைப் பக்கவாட்டில் பார்த்தாள். என்ன நினைக்கிறார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"நீங்களே மனுக் குடுத்திருக்கீங்க," என்றார் டாக்டர். "வழக்கமா யாரும் குறைக்கச் சொல்லிக் கேக்க மாட்டாங்க. விசாரணையிலும் நல்லாத்தான் எழுதியிருக்காங்க. எங்களுக்கு வேலை சுலபம். சொல்லுங்க, எப்படி இருக்கீங்க?"

நல்லா இருக்கேன் சார் என்பது அவர் வாயில் தயாராக இருக்கும். பல வருஷத்துப் பழக்கம். கேட்டதும் வந்துவிடும். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அது வந்துவிட்டால் அவள் வாயைத் திறக்கப் போவதில்லை. இங்கே வைத்து அவரைப் பொய்யனாக்க அவளால் முடியாது. கார்டு போகட்டும், வேறு வழி பார்க்கலாம் என்று வருகிற வழியிலேயே முடிவு செய்திருந்தாள்.

"அவளைக் கேளுங்க சார்," என்றார் அவர்.

டாக்டர் நிமிர்ந்தார். "உங்களைத்தான் கேக்குறேன்."

"நான் நானா இருக்கிற நேரம் மட்டும்தான் சார் எனக்குத் தெரியும்."

டாக்டர் பேனாவை எடுத்தார்.

"சரி. அவங்க பேசும்போது நீங்க வெளியில இருக்கலாம்."

"வேண்டாம் சார். எனக்கும் கேக்கணும்."

அவள் அவரைப் பார்த்தாள். கோபத்தில் சொல்கிறாரா, தன்னை மாட்டிவிடுகிறாரா, இல்லை நிஜமாகவே கேட்கிறாரா? இத்தனை வருஷம் அந்த முகத்தைப் படித்தவளுக்கு இன்றைக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. அவர் டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்கம்மா," என்றார் டாக்டர்.

"காலையில," என்று தொடங்கினாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். "காலையில இவர் கண் முழிக்கும்போது நான் எதிர்ல இருக்கணும் சார். பக்கத்துல இருக்கக் கூடாது, எதிர்ல. அதனால முன்னாடியே எந்திரிச்சுக் கால்மாட்டுல போய் உக்காந்துடுவேன், முழிச்சதும் நாள் என்ன, கிழமை என்னன்னு சும்மா பேசுற மாதிரி சொல்லிடுவேன், சொன்னாத்தான் அந்தப் பாலத்துல இருந்து இறங்குவாரு, சில நாள் சொல்லியும் இறங்க மாட்டாரு, அப்ப மறுபடி முதல்ல இருந்து கிழமையைச் சொல்லுவேன், ஜன்னலைத் திறந்து வெளிச்சத்தைக் காட்டுவேன்—"

மூச்சு விடாமல் சொன்னாள். ஒரே ஓட்டமாகச் சொல்லி முடித்துவிட்டால் அவருக்குப் பாதி காதில் விழாமல் போய்விடும் என்பதுபோல.

அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"மெதுவா சொல்லு," என்றார். "அவர் எழுதணும்ல."